கணக்கை மறைத்து வாங்கிய சம்மதம்: சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மாண்புமிகு தலைமை நீதிபதி அவர்களுக்கும், குடும்ப நீதிமன்றங்களுக்கான நடைமுறை விதிகளைக் கவனிக்கும் நீதியரசர்களுக்கும் பணிவான வணக்கம்.

நான் வழக்கறிஞன் அல்லன். மேற்கு மாவட்டம் ஒன்றில் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். ஜீவனாம்ச வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தையும் நாலைந்து வங்கிப் பாஸ்புத்தக நகல்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்து, "இதில் என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் பெண்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் எங்களைப் போன்றவர்களிடம் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. வழக்கு நடக்கும்போதே வருகிறவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் உதவ முடிகிறது. சமரசம் முடிந்து, பணம் கைமாறி, தீர்ப்பாணையும் வந்த பிறகு வருகிறவர்களுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரிவதில்லை. அவர்களைப் பற்றியே இந்த மடல்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். கணவனோ மனைவியோ சொத்தை மறைத்து, அந்த மறைப்பின் மீது ஒரு சமரசத்தை எழுதி வாங்கியிருந்தால், அந்தச் சமரசத்தின் பண ஷரத்துகளை மறுபரிசீலனை செய்யக் கோருவதற்கு எந்த நீதிமன்றத்தில், எந்தப் படிவத்தில், எந்தக் கால அளவுக்குள் மனு போட வேண்டும் என்பதைக் குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984-இன் 21ஆம் பிரிவு உங்களுக்குத் தந்திருக்கும் விதியாக்க அதிகாரத்தின் கீழ் வெளிப்படையாக எழுதுங்கள். சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அதை நான் கேட்கவில்லை.

ஊரையும் அடையாளத்தையும் மறைத்து ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். பின்னலாடைக்கு ஜாப் ஒர்க் செய்யும் கூட்டு நிறுவனம் ஒன்றில் கணவர் பங்குதாரர். மணமுறிவுப் பேச்சு தொடங்கிய சமயத்தில் அவர் நிறுவனத்திலிருந்து விலகியதாக ஒரு பத்திரம் எழுதப்பட்டு, அவர் இடத்தில் அவருடைய தாயார் பங்குதாரராகிறார். மூலதனக் கணக்கில் நின்ற தொகை முழுவதும் தாயாரிடம் முன்பே வாங்கியிருந்த கடனுக்கு ஈடுகட்டியதாகப் பற்று வைக்கப்படுகிறது. அப்படியொரு கடன் அதற்கு முந்தைய எந்த ஆண்டு ஐந்தொகையிலும் (பேலன்ஸ் ஷீட்) இல்லை. மாதம் முப்பதாயிரம் சம்பளத்துக்கு அதே நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருப்பதாகக் கணவர் சொல்ல, ஒன்பது லட்சத்துக்குச் சமரசம் பேசி முடித்து, இருவரும் சேர்ந்து பரஸ்பர சம்மதத்தோடு மணமுறிவு கோரும் ஒப்புதல் மனுப் போடுகிறார்கள். "இருவரும் ஒருவர் சொத்து விவரத்தை ஒருவர் அறிந்திருக்கிறார்கள், இது முழுமையும் இறுதியுமான தீர்வு, இனி எவருக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வழக்கமான வரியும் அதில் இருந்தது. அறிந்திருந்தார்களா என்று எவரும் கேட்கவில்லை.

உண்மை வெளிவந்தது வங்கியின் ஒரு கடிதத்தால். திருமணமான புதிதில் அந்த நிறுவனத்தின் ரொக்கக் கடனுக்கு மனைவியும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரை விடுவிக்க வேண்டும் என்பது சமரசம் எழுதியவர் எவருக்கும் தோன்றவில்லை. கடன் வரம்பைப் புதுப்பிக்க ஜாமீன்தாரர் கையெழுத்து வேண்டும் என்று வங்கி எழுதிய கடிதம், பிறந்த வீட்டு முகவரிக்கு வந்து சேர்ந்தது. ஒரு கோடியே நாற்பது லட்சம் வரம்பு. கூடவே வைத்திருந்த விண்ணப்ப நகலில், நிறுவனத்தை நடத்தும் பங்குதாரர் என்ற இடத்தில் முன்னாள் கணவரின் பெயர், அவருடைய சொந்தச் சொத்து மதிப்பு என்ற பத்தியில் வீடு, காலிமனை, வைப்புத்தொகை என எல்லாமே வரிசையாக. நீதிமன்றத்துக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் வங்கிக்கு முதலாளியாகவே இருந்திருக்கிறார்.

இதில் எனக்கு வியப்பு ஒன்றுமில்லை. வருமான வரிக்கு ஒரு கணக்கு, வங்கிக்கு ஒரு கணக்கு, நீதிமன்றத்துக்கு ஒரு கணக்கு என்று மூன்று முகம் காட்டுவதுதான் சொத்தை மறைப்பவர்களின் பொதுவான முறை. வங்கியில் கடன் கேட்கும்போது வருமானம் வளரும். ஜீவனாம்சம் கொடுக்கும்போது சுருங்கும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு நம் மாநிலத்தில் முத்திரைத் தீர்வை ஓர் உச்சவரம்போடு நின்றுவிடுவதால், மனையைத் தம்பி பெயருக்கோ தாய் பெயருக்கோ மாற்றுவதற்கு ஆகும் செலவு அற்பம். கிரயம் என்றால் வரும் கையைக் கடிக்கும் செலவு இதில் இல்லை. கையில் இருப்பதைச் சீட்டில் போட்டுவிட்டு ஏலம் எடுக்காமல் இருப்பது, உறவினர் பெயரில் வாங்கிய வண்டிக்குத் தான் தவணை கட்டுவது, வழக்கு முடியும்வரை ஊக்கத்தொகையை நிறுத்திவைக்கும்படி நட்பான முதலாளியிடம் சொல்லிவைப்பது, பெரிய பில்களை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளுவது என்று இன்னும் பல உண்டு. இவை எவையும் கெட்டிக்காரத்தனமான வேலைகள் அல்ல. பார்க்க வேண்டிய காகிதத்தைப் பார்த்தால் ஒரு பிற்பகலில் பிடிபடக்கூடியவை. ஆனால் அந்தக் காகிதம் மறைத்தவரின் கையில் மட்டுமே இருக்கிறது.

வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், சர்வே எண் தெரிந்தால். எந்த ஊரில் எந்த சர்வே எண்ணில் மனை வாங்கியிருக்கிறார் என்பதே தெரியாத மனைவி எதைத் தேடுவார்? வருமான வரிக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்றால், அது தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றம் 2012-இலேயே சொல்லிவிட்டது. ஆக, கேட்கும் உரிமை உள்ளவருக்கு வழியில்லை. வழி உள்ள நீதிமன்றம் பெரும்பாலும் கேட்பதில்லை.

சட்டத்தில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும் என்று படிவத்தையே இணைத்துக் கொடுத்தது. பதில் தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம் என்றது. வேண்டுமென்றே இழுத்தடித்தால் எதிர்வாதத்தையே நீக்கலாம் என்றது. பொய் சொன்னால் குற்ற நடவடிக்கை எடுப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. மூன்றாண்டு கழித்து, 2023 நவம்பரில், அதிதி எதிர் ஜிதேஷ் சர்மா வழக்கில் அந்த வழிகாட்டுதல்கள் பின்பற்றப்படவில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டு, தீர்ப்பை மீண்டும் எல்லா நீதிமன்றங்களுக்கும் சுற்றுக்கு அனுப்பும்படி ஆயிற்று. இப்போது படிவம் தாக்கலாகிறது. ஆனால் நான் பார்க்கும் படிவங்களில் பாதிக்கு மேல் "இல்லை", "பொருந்தாது" என்ற இரண்டு சொற்களால் நிரம்பியவை. அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஓர் ஆவணமும் இணைக்கப்படுவதில்லை.

ஒப்புதல் மனுக்களில் நான் பார்த்தவரை அதுவும் இல்லை. அந்தப் படிவம் ஜீவனாம்ச வழக்குக்கு உரியது, நாங்கள்தான் சமரசமாகிவிட்டோமே என்ற வாதம் எளிதில் எடுபட்டுவிடுகிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் உள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, ஜீவனாம்சம் உள்ளிட்ட விஷயங்களில் இரு தரப்பும் மெய்யாகவே உடன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்தது. நடைமுறையில் காத்திருப்பு தளர்கிறது; மெய்தானா என்ற கேள்வி உடன் வருவதில்லை. சமரசத்துக்கு முயல வேண்டும் என்று குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு நீதிமன்றத்தைப் பணிக்கிறது என்பதும், கட்டுக்கட்டாக நிலுவை வழக்குகள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக, ஒரு தரப்பின் கண்ணைக் கட்டிவிட்டு வாங்கிய கையெழுத்தைச் சமரசக் கணக்கில் சேர்ப்பது முறையாகாது.

இனி, மறைப்பு தெரியவந்த பிறகு நடப்பது. நான் சொன்ன நிகழ்வில் வரும் மனைவி முதலில் மேல்முறையீடு செய்யத்தான் போனார். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 19(2) பிரிவு, இரு தரப்பின் சம்மதத்தோடு பிறப்பிக்கப்பட்ட ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது என்கிறது. மனு நம்பர் ஆகாமலே (பதிவெண் பெறாமலே) திரும்பியது. சம்மதம் இல்லாத தீர்ப்பாக இருந்திருந்தாலும், அந்தச் சட்டத்தில் கெடு 30 நாள், இந்துத் திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் 90 நாள் என்று இரண்டு கணக்கு. இரண்டுமே, எப்போதோ வெளிவரும் மோசடிக்குப் போதாதவை. தனியாக உரிமையியல் வழக்குப் போடலாம் என்றால், சமரச ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3-ஏ தடை போடுகிறது. சமரசத்தைப் பதிவு செய்த அதே நீதிமன்றத்தில்தான் முறையிட வேண்டும் என்பது 2006-இல் புஷ்பா தேவி பகத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய நிலை. சரி என்று அங்கே போனால், முடிந்துபோன வழக்குக் கட்டில் என்ன வகை மனுவாக இதை எடுப்பது, இடைநிலை மனுவா, மறுஆய்வா, புதிய வழக்கா என்பதில் அலுவலகத்துக்கே ஐயம். ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்போடு ரிட்டர்ன். கடைசியில் நம்பர் ஆகி விசாரணைக்கு வந்தபோது கேட்கப்பட்ட முதல் கேள்வி: "சம்மதம் கொடுத்தது நீங்கள்தானே?"

சம்மதம் கொடுத்தது அவர்தான். எதற்குச் சம்மதித்தார் என்பதுதான் வழக்கு. ஜீவனாம்சத் தொகையைப் பிற்பாடு மாற்றலாம் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 25(2) பிரிவு இருக்கிறதே என்று சொல்வோர் உண்டு. அந்தப் பிரிவு, ஆணைக்குப் பிறகு இரு தரப்பில் ஒருவருடைய சூழ்நிலை மாறியிருந்தால் பயன்படுவது. இங்கே எதுவும் மாறவில்லை. கையெழுத்தான அன்றும் கணவரிடம் அவ்வளவும் இருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியை வைத்தே மனுவைத் தள்ளச் சொல்வார். சட்டப்படி அது தவறான வாதமும் அல்ல.

உண்மையில் இந்தச் சிக்கலுக்கு விடை, இதே உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லிக்குப் போன ஒரு வழக்கிலேயே இருக்கிறது. எஸ்.பி. செங்கல்வராய நாயுடு எதிர் ஜெகந்நாத் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுத்தவர் தானே எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தை (உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) மறைத்து வாங்கிய தீர்ப்பு செல்லாது என்றும், வழக்குக்குத் தேவையான ஆவணத்தை எதிராளிக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது நீதிமன்றத்தின் மீதே செய்யும் மோசடி என்றும் அறிவித்தது. பாகப்பிரிவினை வழக்கில் ஒரு பத்திரத்தை மறைத்தால் அது மோசடி. மணமுறிவில் ஒரு நிறுவனத்தையே மறைத்தால் அது பேரம் பேசும் சாமர்த்தியமா?

இங்கிலாந்தில் இதே கேள்வி 2015 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகளில் முடிவு செய்யப்பட்டது. ஷார்லண்ட் வழக்கில், தன் மென்பொருள் நிறுவனப் பங்குகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கணவர் மறைத்திருந்தார். மோசடி நிரூபணமான பிறகு, அந்த உண்மை தெரிந்திருந்தாலும் நியாயமான ஒருவர் அதே சமரசத்துக்குச் சம்மதித்திருப்பார், நீதிமன்றமும் பெரிதும் வேறான ஆணையைப் பிறப்பித்திருக்காது என்று காட்டும் பொறுப்பு ஏமாற்றியவர் தலையில்தான் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. கோஹில் வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. கணவர் முழு விவரம் தரவில்லை என்று மனைவி நம்புகிறார், ஆயினும் முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறார் என்று அந்தச் சமரசத்திலேயே எழுதியிருந்தது. அப்படி எழுதிக்கொண்டதால் மட்டும், நீதிமன்றத்துக்கு உண்மை சொல்ல வேண்டிய கடமையிலிருந்து கணவர் தப்ப முடியாது என்றே தீர்ப்பாயிற்று. நம் ஒப்புதல் மனுக்களில் உள்ள "முழுமையும் இறுதியுமான" வரியை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அங்கே திருமணச் சொத்தைப் பங்கிடும் சட்டம் உண்டு, இங்கே அது இல்லை என்ற வேறுபாட்டை மறுக்கவில்லை; ஆனால் நீதிமன்றத்திடம் பொய் சொல்லக் கூடாது என்பதற்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. கணவர் வெளியே சம்பாதிக்க வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்க்கையில் பங்களிப்பே என்று 2023 ஜூனில் சொன்ன நீதிமன்றமும் நம்முடையதுதான். பங்களிப்பை அங்கீகரித்த பிறகு, எதற்குப் பங்களித்தார் என்பதை மறைக்க விடலாமா?

என் தொழிலை வைத்துச் சில வழிகளை முன்வைக்கிறேன். ஒப்புதல் மனுவோடும் அதே பிரமாணப் பத்திரம் கட்டாயம் என்றாக்கி, அதனுடன் மூன்று காகிதங்களை மட்டும் இணைக்கச் சொன்னால் பெரும்பாலான மறைப்புகள் அங்கேயே நின்றுவிடும். முதலாவது, வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை. வட்டி, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், சொத்துக் கிரயம், பெரிய அட்டைச் செலவு என்று வெளியிலிருந்து துறைக்கு வந்த தகவல்கள் அதில் இருப்பதால் "இல்லை" என்று எழுதியவருக்கு அது பதில் சொல்லும். அவரவர் கணக்கில் நுழைந்து நிமிடத்தில் இறக்கிக்கொள்ளக்கூடியது. இரண்டாவது, சிபில் போன்ற கடன் தகவல் அறிக்கை. முப்பதாயிரம் சம்பளக்காரர் ஐம்பதாயிரம் தவணை கட்டுவது அதில்தான் தெரியும். மூன்றாவது, கடைசி மூன்றாண்டுகளில் எந்த வங்கிக்காவது கொடுத்த கடன் விண்ணப்பத்தின் நகல். இந்த மூன்றாவதைத்தான் நான் முதலாவதாகச் சொல்ல வேண்டும். மனிதர்கள் தங்கள் சொத்தைப் பெருமையாகவும் முழுமையாகவும் எழுதும் ஒரே இடம் அது. தொழில் செய்பவரானால் ஜிஎஸ்டி மாதக் கணக்கும் பங்குதாரர் பத்திரங்களும் சேரலாம். பதிவுச் சட்டம், 1908-இன்படி சார்பதிவாளர் அலுவலகங்களில் பெயர்வாரி அட்டவணையும் இருக்கிறது. ஐயம் எழுந்த வழக்கில் அதை வரவழைக்க நீதிமன்றத்தின் ஒரு கடிதம் போதும். இவற்றையெல்லாம் ஏற்பதற்குச் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடிகள் தடையல்ல என்று குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவே அந்த நீதிமன்றத்துக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. தினக்கூலியில் பிழைக்கும் தம்பதியரிடம் இவ்வளவையும் கேட்பது வீண். அவர்களுக்கு விலக்கு இருக்கட்டும்.

அடுத்து, சமரச ஆணையிலேயே நீதிமன்றம் ஒரு ஷரத்தைச் சேர்க்கலாம்: இரு தரப்பும் தந்த விவரங்கள் உண்மை என்ற அடிப்படையில்தான் இது பதிவாகிறது, அது பொய்யென்று பின்னர் தெரிந்தால் பாதிக்கப்பட்டவர் இதே நீதிமன்றத்தில், இன்ன பெயருள்ள மனுவாக, மோசடி தெரியவந்த நாளிலிருந்து எண்ணி இத்தனை காலத்துக்குள் வரலாம். காலவரம்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மோசடி தெரியவந்த நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்குகிறது என்பதால் இதில் புதுமை இல்லை. கணிசமான மறைப்பு நடந்ததை மனுதாரர் ஆவணத்தோடு காட்டிவிட்டால், அதன்பின் அந்தச் சொத்து எப்போது வந்தது, எங்கே போனது, ஏன் சொல்லவில்லை என்பதை விளக்கும் சுமை மறைத்தவருடையதாகட்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த உண்மையை அவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 109ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 106 என்று எல்லோருக்கும் மனப்பாடமானதுதான்.

ஒன்றை மிகத் தெளிவாக எழுத வேண்டும். பண ஷரத்துகள் திறக்கப்படும்போது மணமுறிவு திறக்கப்படாது. இந்த அச்சத்தாலேயே பலர் மனுப் போடாமல் இருக்கிறார்கள். ஏமாற்றியவர்களும் "சமரசம் போனால் விவாகரத்தும் போகும், யோசித்துக்கொள்" என்று சொல்லியே மிரட்டுகிறார்கள். இதற்குள் ஒருவர் மறுமணம் செய்து குழந்தையும் பெற்றிருக்கலாம். அந்தப் புதிய குடும்பத்துக்கு ஒரு சேதமும் வராமல் பணத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கும் வழி இருந்தால்தான் இந்த விதி பயன்படும். மனு நிலுவையில் இருக்கும்போது சொத்து மேலும் கைமாறாமல் நிறுத்திவைக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு ஏற்கெனவே உண்டு. விலையில்லாமல் தாய்க்கும் தம்பிக்கும் போன நிலத்தின் வருமானத்தில் ஜீவனாம்ச உரிமையைத் தொடர, சொத்து மாற்றுச் சட்டத்தின் 39ஆம் பிரிவும் இருக்கிறது. அவற்றை அந்த விதியில் ஒரு வரியால் நினைவூட்டினால் போதும்.

எல்லோரும் பழைய கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், எந்தச் சமரசமும் நிலைக்காது என்ற கவலை நியாயமானது. ஆகவே, அற்பமான விடுபடல்களுக்கு இந்த வழி திறக்கக் கூடாது. மறந்துபோன ஒரு பழைய சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பதினோராயிரம் ரூபாய்க்காக யாரையும் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. ஆவணம் இல்லாமல் வெறும் சந்தேகத்தோடு வரும் மனுவைச் செலவுத் தொகையோடு தள்ளுபடி செய்யுங்கள். மறைப்பது கணவர்கள் மட்டுமே என்றும் நான் சொல்ல வரவில்லை. ஐ.டி. நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டே வேலையில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்த மனைவியரின் கணக்குகளையும் பார்த்திருக்கிறேன். விதி இரு தரப்புக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

பொய்ப் பிரமாணத்துக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை என்று இருக்கிறது. அந்த நடவடிக்கையைத் தொடங்குவதற்கான, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379ஆம் பிரிவு மனுக்களும் குடும்ப நீதிமன்றங்களில் தாக்கலாகின்றன. ஆனால் மூல வழக்கோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒதுக்கப்பட்டு, மூல வழக்கு சமரசமானதும் அவையும் முடிந்துபோகின்றன. ஒருவர் சிறைக்குப் போவதால் அந்தப் பெண்ணுக்கு வாடகை கிடைத்துவிடாது என்பதால் அதை நான் வலியுறுத்தவும் இல்லை. மறைத்த தொகையைக் கணக்கில் சேர்த்து ஜீவனாம்சத்தைத் திரும்ப நிர்ணயிப்பதும், இடைப்பட்ட காலத்துக்கு வட்டியோடு வசூலிப்பதும், வழக்குச் செலவு முழுவதையும் மறைத்தவர் மீதே சுமத்துவதும் போதுமானவை என்பது என் கருத்து. பணத்துக்காகச் சொன்ன பொய்யைப் பணநஷ்டம்தான் நிறுத்தும்.

மேலே சொன்ன பெண்ணின் மனு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. அதைப் பற்றி எதுவும் கேட்பது முறையல்ல, கேட்கவும் இல்லை. விதிகளைத் திருத்தும்போது, குடும்ப நீதிமன்றங்களில் பணியாற்றும் நீதிபதிகளையும் வழக்கறிஞர்களையும் அழைப்பதோடு, கணக்கு படிக்கத் தெரிந்த சிலரையும் மாவட்டங்களிலிருந்து அழைத்துக் கருத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன். ஒப்புதல் மனுவோடு இணைக்க வேண்டிய ஆவணங்களுக்கும், மறைப்பு தெரிந்த பிறகு போடும் மனுவுக்கும் எளிய தமிழில் இரண்டு மாதிரிப் படிவங்களைத் தயாரித்து, இந்த மடலின் நகலோடு தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியே அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்கு மாவட்டத்துக் கணக்குத் தணிக்கையாளன் ஒருவன்